எடை மிஷின் சொல்லும் பொய்

கிரிவலப் பாதையில் நடந்து பழகியவர்களுக்கு இடுக்குப் பிள்ளையாரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குபேர லிங்கத்துக்கு அருகே, கால் ஓய்ந்துபோன சமயத்தில் எதிர்ப்படும் சின்னஞ்சிறு கோயில் அது. பின்பக்கத்துச் சந்தில் நுழைய வேண்டும். தரையோடு தரையாக ஒருக்களித்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, காலால் உந்தி, முன்பக்கத்து வாசல் வழியே வெளியே வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் தலைவலி முதல் மறுபிறவி வரை பல தொல்லைகள் நீங்கும் என்பது நம்பிக்கை. மறுபிறவிக் கணக்கை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். சென்ற வருஷம் ஒரு பௌர்ணமி இரவில் எனக்கு அங்கே கிடைத்தது வேறு ஒரு கணக்கு.

என்னோடு என் அக்கா வந்திருந்தாள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு ஏழு மாதம் முன்பு அவள் எடை 68 கிலோ, அன்றைக்கு 54. தெருவே அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தது. "கல்யாணப் பெண் மாதிரி ஆயிட்டீங்க" என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. பழைய ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொடுத்த தையற்காரர் ஒருவர்தான் அந்த எடைக் குறைவால் உண்மையான லாபம் அடைந்தவர் என்பது பிற்பாடு தெரிந்தது.

எங்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு பூக்கார அம்மாள் நின்றாள். நல்ல சரீரம். எண்பது கிலோவுக்குக் குறையாது. 'இந்த அம்மாள் எங்கே நுழைந்து எங்கே வெளிவரப் போகிறாள்?' என்று நான் கவலைப்பட்டேன். அவள் கவலைப்படவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நடுவில் ஒரு தடவை பிள்ளையாரை உரிமையோடு திட்டினாள். முழங்கையை ஊன்றி ஓர் உந்து உந்தினாள். வெளியே வந்து, முழங்காலில் கைவைத்து எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு போய்விட்டாள்.

அடுத்தது அக்கா. அவள் இருந்த இருப்புக்கு அந்தச் சந்தில் இன்னொருவரையும் கூட அழைத்துச் செல்லலாம். அவ்வளவு இடம் இருந்தது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"என்ன அக்கா, மாட்டிக்கிட்டியா?"

"மாட்டலைடா. கையை ஊன முடியலை. காலும் உந்த மாட்டேங்குது."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துத்தான் அவளை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. வந்த பிறகு தரையிலிருந்து எழுந்து நிற்கவும் முடியவில்லை. நான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். "பாவம், சீக்காளி போலிருக்கு" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதினான்கு கிலோவை வென்ற வீராங்கனை!

இந்த வெற்றிக்குக் காரணகர்த்தா எங்கள் பக்கத்து வீட்டு சார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், ஆனால் எடை மிஷின் ஒன்று வாங்கிய நாளிலிருந்து தெருவுக்கெல்லாம் தேக ஆரோக்கிய குருவாகிவிட்டார். அவருடைய சித்தாந்தம் மிகவும் சுருக்கமானது: "வாயைக் கட்டு, காலை நீட்டு." காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் ஒரு கரண்டி சாதம், ரசம், கொஞ்சம் பொரியல், இரவில் இரண்டு துண்டு பப்பாளி, ஒரு டம்ளர் மோர். காலையில் ஒரு மணி நேரம் நடை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம். பிறகு மிஷின்மேல் ஏறி நிற்பது. முள் இறங்கினால் ஜயம், ஏறினால் பாபம்.

இந்தச் சித்தாந்தத்தின்மேல்தான் என் சண்டை. சாரின்மேல் அல்ல. அவரைப் போல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். 'பத்தே நாளில் பத்துக் கிலோ' என்று மதில்சுவரில் நோட்டீசு ஒட்டுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை கிலோ குறைந்தது?" என்ன குறைந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டில் திருட்டுப் போய்விட்டது, சாமான் குறைந்திருக்கிறது, அதனால் வீடு விசாலமாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிற குடும்பத்தலைவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போனது குப்பையா, பண்டமா என்று பார்க்க வேண்டாமா?

எடை மிஷினுக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது, குடித்த தண்ணீரும் தெரியாது. எல்லாம் அதற்குப் பாரம். பட்டினி தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டதென்று ஆனந்தக் கூத்தாடுகிறோமே, அதில் பெரும்பாகம் தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்துவைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. அது செலவானால் தண்ணீரும் வெளியேறுகிறது. ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடுகிறது.

கிரிவலக் கணக்கையும் பார்த்துவிடலாம். பக்திக் கணக்கை நான் தொடவில்லை. கலோரிக் கணக்கை மட்டும்தான் சொல்கிறேன். பாதை 14 கிலோமீட்டர். 70 கிலோ உள்ள ஒருவர் சாதாரணமாக நடந்தால் 700 கலோரிக்கு முன்பின்னாகச் செலவாகும். நம் உடம்பிலுள்ள ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஆக ஒரு முழுக் கிரிவலத்தில், பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் தொடாமல் வந்தால், கரையக்கூடிய கொழுப்பு 90 கிராம். இரண்டு எலுமிச்சம்பழ எடை! தொடாமல்தான் வருகிறோமா? அக்கினி லிங்கத்தருகே ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல், அடி அண்ணாமலையில் புளியோதரை, வழியில் இரண்டு டீ, முடிவில் தேரடித் தெருவில் நெய் ரோஸ்ட். அந்த இரண்டு எலுமிச்சம்பழத்தோடு மூன்றாவதையும் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறோம். மறுநாள் காலையில் மிஷின் ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் அது வியர்வை.

நடக்க வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. நடை இருதயத்துக்கு நல்லது, ரத்த ஓட்டத்துக்கு நல்லது, மனசுக்கு இன்னும் நல்லது. ஆனால் நடையும் பட்டினியும் மட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அக்காவுக்கு முன்பே முப்பத்தாறு பேர் அனுபவித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசியில், 1944-45-இல், அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரீட்சை நடத்தினார். யுத்தத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு எப்படி மறுபடி சோறூட்டிப் பிழைக்கவைப்பது என்று அறிவதற்காக, ஆரோக்கியமான முப்பத்தாறு வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். இருபத்துநான்கு வாரம். வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோஸ் போன்றவைதான் ஆகாரம். மாமிசமும் பாலும் பெயருக்குத்தான். எடை கால் பங்கு குறைந்தது. ஆனால் போனது கொழுப்பு மட்டும் அல்ல. தசையும் கரைந்து, படியேறத் திராணியில்லாமல், எந்நேரமும் சாப்பாட்டு நினைவாகவே இருந்தார்கள். பரீட்சை முடிந்து வயிறாரச் சாப்பிட்டபோது முதலில் ஓடிவந்தது எது தெரியுமா? கொழுப்பு. தசை பின்னால் நொண்டி நொண்டி வந்தது.

வாயைக் கட்டு, காலை நீட்டு! சார் ஓட்ஸ் கஞ்சி சொல்கிறார், கீஸ் உருளைக்கிழங்கு கொடுத்தார். வேறு பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வாலிபர்களுக்கு வயது இருபத்துச் சொச்சம். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வயதுக்கு மேல் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே பத்து வருஷத்துக்கு மூன்று முதல் எட்டு சதவிகிதம் வரை தசை கழிந்துகொண்டு போகிறது. அந்தக் கழிவோடு பட்டினியும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? திரும்ப எடை போடும்போது வருவது கொழுப்பு. மறுபடி பட்டினி கிடந்தால் போவதில் ஒரு பங்கு தசை. இப்படி நாலு தடவை ஏறி இறங்கினால், அதே எடையில் வேறு ஒரு மனுஷியாகிவிடுகிறாள்.

"அதே எடையில் வேறு மனுஷியா? அது எப்படி, தம்பி?" என்று சார் என்னை மடக்கினார். கல்லூரியில் இரண்டே வருஷம் விஞ்ஞானம் படித்த கதை எழுதுகிறவன்தானே என்ற இளப்பம் அந்தத் 'தம்பி'யில் இருந்தது. அவருக்காக நான் கொண்டுபோன சாட்சி, புனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக். அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் 'லான்ஸெட்' வைத்தியப் பத்திரிகையில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. எந்தத் தராசும் இருவரும் சமம் என்றுதான் சொல்லும். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு வெள்ளைக்கார டாக்டருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! ஒல்லியாகத் தெரிகிற இந்தியனுக்குள் ஒரு குண்டன் உட்கார்ந்திருக்கிறான். போதாதென்று அவன் வயிற்றைச் சுற்றியே ஜாகை போட்டிருக்கிறான்.

இது வெறும் அழகுப் பிரச்னையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேருகிற சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கைச் சுருக்கிவிட்டுச் சரக்கை மட்டும் நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தால், சரக்கு தெருவில்தான் கிடக்கும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய சர்வேப்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில், நம் ராஜ்யத்துப் பெண்களில் 40.4 சதவிகிதமும் ஆண்களில் 37 சதவிகிதமும் அளவுக்கு மீறிய எடை. ஆகவே கொழுப்பைக் குறைக்கத்தான் வேண்டும். அதில் சாரோடு எனக்குப் பேதமில்லை. தசையைக் கொடுத்துக் கொழுப்பைக் குறைக்கிற வியாபாரம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

2025-இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்துவிட்ட வாராந்திர ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசியை அடக்குகின்றன, எடை நிச்சயமாகக் குறைகிறது, தேவைப்பட்டவர்களுக்கு நல்ல மருந்துகள். ஆனால் அவற்றின் பரீட்சைகளிலேயே, குறைந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத சதையாக இருந்தது. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

சரி, கொழுப்பு போகவேண்டும், தசை இருக்கவேண்டும், முடிந்தால் வளரவும் வேண்டும். இது நடக்கிற காரியமா? இங்கேதான் எதிர்த் திசையிலிருந்து இன்னொரு குரு வருகிறார். நம் ஊர் ஜிம்களில் கண்ணாடிக்கு முன்னால் நின்று புஜத்தை மட்டும் வளர்க்கும் இளைஞர்களின் குரு. "ரெண்டும் ஒண்ணா நடக்காது, சார். முதல்ல நல்லாச் சாப்பிட்டுப் பெருக்கணும், அப்புறம் இளைக்கணும்" என்கிறார். பந்தயத்துக்குப் போகிற பயில்வானுக்கு, ஏற்கெனவே வளரவேண்டியதெல்லாம் வளர்ந்துவிட்டவனுக்கு, அது ஓரளவு சரி. நமக்கு என்ன வந்தது? பெருக்குகிற வேலையைப் பதினைந்து வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து செய்துமுடித்தாகிவிட்டதே! புதிதாகப் பாரம் தூக்கத் தொடங்குகிறவனுக்கும், தொந்தி உள்ளவனுக்கும் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். கானடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் நாற்பது வாலிபர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து நாலு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லோருக்கும் தேவையைவிட நாற்பது சதவிகிதம் குறைவாகச் சாப்பாடு. வித்தியாசம் புரதச்சத்தில்தான். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. சதை குறையாமல் நின்றது. 2.4 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்ததோடு, கொழுப்பல்லாத சதை 1.2 கிலோ கூடியது. இது வெளியானது 2016-இல். அரைச்சாப்பாட்டிலும் சதை வளர்ந்திருக்கிறது! மினசோட்டாவில் கரைந்தது இங்கே ஏன் கரையவில்லை? பாரம் தூக்கினார்கள், புரதம் சாப்பிட்டார்கள். வேறு மந்திரம் இல்லை.

உடம்பு ஒரு கருமி முதலாளி. வருமானம் குறைந்தால் ஆட்குறைப்புச் செய்யும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் முதலில் வெளியே அனுப்பும். தசைக்கு நாள்தோறும் வேலை இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தால் வேறு வழியில்லாமல் சேமிப்பை, அதாவது கொழுப்பை, எடுத்துச் செலவழிக்கும்.

இனி, அக்கா சாப்பிட்டதைக் கணக்குப் பார்ப்போம். ஓட்ஸ் கஞ்சியும் ஒரு கரண்டி சாதமும் பப்பாளியும் மோரும் சேர்ந்து நாள் முழுக்கப் பதினைந்து கிராம் புரதம் தேறினால் அதிகம். சும்மா ஆரோக்கியமாக இருக்கவே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். கொழுப்பைக் குறைத்துத் தசையைக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை வேண்டும். பட்டினி கிடக்காத நம் வீடுகளிலாவது இது கிடைக்கிறதா? காலையில் மூன்று இட்லி, ஆறு கிராம். மத்தியானம் ஒரு தட்டு சாதத்தில் ஏழு, தண்ணீராக ஓடும் சாம்பாரில் நாலு, தயிரில் நாலு. சாயங்காலம் முறுக்கு. இரவில் தோசை, தோசைமேல் தோசை. முப்பத்தைந்து, நாற்பதைத் தாண்டாது. அரிசியை இடித்தும் அரைத்தும் வேகவைத்தும் சுட்டும் பிழிந்தும் ஐந்து உருவத்தில் சாப்பிட்டுவிட்டு, ஐந்து பதார்த்தம் சாப்பிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உடனே, "புரதம் என்றால் டப்பாப் பவுடரா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். மேற்படி நிறுவனமே 2024-இல் வெளியிட்ட ஆகார வழிகாட்டியில் அந்தப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. ஜிம் பையன்கள் டப்பாவோடு நிற்காமல் ஊசி மருந்துக்கும் போய் இருதயத்தையும் ஈரலையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அது தனியாக எழுதவேண்டிய சோகம். கிரிவலப் பாதையில் சுண்டல் விற்கிற கிழவரிடம் இருக்கிறது புரதம். நூறு கிராம் கொண்டைக்கடலையில் சுமார் இருபது கிராம். பச்சைப்பயறில் அதற்கும் கொஞ்சம் கூட. ஒரு முட்டையில் ஆறு. கால் லிட்டர் பாலில் எட்டு. வேர்க்கடலையில் நூற்றுக்கு இருபத்தைந்து இருந்தாலும், அதில் எண்ணெய் பாதி. கை நிறைய அள்ளினால் கணக்கு கெட்டுப்போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

அடுத்தது பாரம். "இந்த வயசிலே அக்கா பாரம் தூக்கறதா? தேகம் நானல்லன்னு மகான் சொன்ன ஊர்ல தசையைப் பத்திப் பேசறீங்களே!" என்று சார் உண்மையாகவே வருத்தப்பட்டார். மகானைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் கொஞ்சம் தெரியும். மதுரையில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ரமணர் மல்யுத்தத்திலும் கால்பந்திலும் பேர்போனவர். 1896-இல் இங்கே வந்து பாதாள லிங்கத்தில் உடம்பை மறந்து உட்கார்ந்திருந்த காலத்தில், பிறர் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்ததும் உண்மை. பிற்பாடு ஆசிரமத்தில் விடியுமுன்பே எழுந்து கறிகாய் நறுக்கியதும், அரைத்ததும், மலைமேல் ஏறி இறங்கியதும் அதே உடம்புதான். தேகம் நான் அல்ல என்று சொன்னவர் அதைச் சோம்பேறியாக வைத்திருக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் பர்வதராஜ குலத்து ஆட்கள் அந்தப் பெரிய கொப்பரையைத் தோளில் சுமந்துகொண்டு 2,668 அடி மலையில் ஏறுவதை வருஷந்தோறும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்க்கிறோமே, தோளில் தசையில்லாமலா ஏற்றுகிறார்கள்?

"எங்க பாட்டி எந்த ஜிம்முக்குப் போனா?" என்று அடுத்த பாணம். உங்கள் பாட்டி உலக்கை பிடித்தாள், சார். அம்மியில் அரைத்தாள். ஆட்டுக்கல்லில் நாலு படி மாவு ஆட்டினாள். கிணற்றிலிருந்து முப்பது குடம் இறைத்தாள். தரையில் உட்கார்ந்து, தரையில் படுத்து, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தரையிலிருந்து எழுந்தாள். கிராமத்தில் உங்கள் தாத்தா இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்டியிருக்கலாம், கர்லாக்கட்டை சுற்றியிருக்கலாம். மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் வந்து அந்த வேலையெல்லாம் போனது நல்லதே. பாட்டியின் முதுகெலும்பு அனுபவித்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு அழ யாரையும் அழைக்கவில்லை. ஆனால் வேலை போன இடத்தில் வேறொன்று வைக்க வேண்டாமா? உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் சொன்ன விதியில், வாரத்துக்கு 150 நிமிஷம் நடைபோன்ற பயிற்சி என்பது முதல் பாதிதான். வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாத் தசைகளுக்கும் பார வேலை என்பது மறு பாதி. அந்த மறு பாதியை நாம் சௌகரியமாகக் கிழித்து எறிந்துவிட்டோம்.

வயதைப் பற்றி: 1990-இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்குக் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில், கடைசிவரை இருந்த ஒன்பது பேருடைய கால் வலிமை சராசரி 174 சதவிகிதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டார்கள். தொண்ணூறிலேயே முடிகிறது, ஐம்பத்திரண்டு என்ன பிரமாதம்!

அக்கா எந்த ஜிம்முக்கும் போகவில்லை. அந்தப் பௌர்ணமிக்கு மறுவாரம் டாக்டரம்மா ஒருவரிடம் காட்டினோம். அவர் நாடி பார்ப்பதற்கு முன்னால், "கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்" என்றார். அக்காவால் முடியவில்லை. "இதுதான் உங்கள் வியாதி. எடை அல்ல" என்றார். முதல் மாதம் உயரமான முக்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே பயிற்சி. பத்துத் தடவை சிரமமில்லாமல் முடிந்ததும் தாழ்வான நாற்காலி. பிறகு தரையில் பலகை. சுவரில் கைவைத்துத் தள்ளுவது, அப்புறம் சமையல் மேடையில், அப்புறம் கட்டில் விளிம்பில். எவர்சில்வர் குடத்தில் பாதி தண்ணீர் நிரப்பி முழங்காலை மடக்கி எடுத்து நிமிருவது. வாரம் ஒரு சொம்பு கூட. பாரம் ஏறாவிட்டால் தசைக்கு வளரக் காரணம் கிடையாது; அதனால் அந்தச் சொம்பு முக்கியம். ஒருநாள் விட்டு ஒருநாள், அரைமணி நேரம். சாப்பாட்டில் காலையில் பச்சைப்பயறு தோசையும் தயிரும், மத்தியானம் கெட்டியான பருப்பும் இரண்டு முட்டையும், சாயங்காலம் சுண்டல், இரவில் சப்பாத்தியும் பாலும். எல்லாம் சேர்ந்து எழுபது கிராம் புரதம். சாதம் உண்டு, மலைபோல் அல்ல. நடையும் உண்டு.

ஒன்பது மாதம் ஆகிறது. அக்காவின் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. இடுப்புச் சுற்று இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. பழைய தையற்காரரே மறுபடி வந்திருக்கிறார். ரவிக்கைக் கையை மட்டும் தளர்த்தச் சொல்லியிருக்கிறாள்.

இந்த ஒன்றரைக் கிலோவைத்தான் சாரால் தாங்க முடியவில்லை. போன வாரம் மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "நான் கஷ்டப்பட்டு இறக்கினதை நீங்க ஏத்திட்டீங்களே, தம்பி. இது நியாயமா?" என்றார். தூக்கிக்கொண்டு வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. திண்ணையில் உட்காரவைத்தோம். ஆற அமரப் பேசிவிட்டு எழுந்தபோது தூணைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை எழ முடியாமல், இரண்டாம் தடவைதான் எழுந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்து, "சார், அதை இப்படிக் கொடுங்க, நான் கொண்டாந்து வைக்கறேன்" என்று மிஷினை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவர் பின்னால் போனார். அடுத்த பௌர்ணமிக்கு அவரும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இடுக்குப் பிள்ளையாரை வெளியே நின்றே கும்பிட்டுக்கொள்வாராம்.